வீட்டுப் பட்டறையில் ஏர்சாஃப்ட் ரைஃபிள்: எதைச் செய்யலாம், எதை வாங்க வேண்டும்

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: வீட்டில் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பெஞ்ச் ட்ரில், 3டி பிரிண்டர், வைஸ், அரம் எல்லாம் உண்டு. கடையில் கிடைக்காத வடிவத்தில், தானே வரைந்த ஓர் ஏர்சாஃப்ட் ரைஃபிளை, அதாவது சின்னப் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியைச் செய்ய ஆசை. அதற்கு முதலில் லேத் வாங்குவதா, மில்லிங் மெஷின் வாங்குவதா? பார்த்தால் மெஷினைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. உண்மையில் கேட்பது வேறு: இதில் எவ்வளவு தூரம் நாமே செய்ய முடியும், அப்படிச் செய்தது நேராகச் சுடுமா? என் பதில்: வெளியுடம்பு முழுக்க உங்களுடையதாக இருக்கலாம், உள்ளே ஓடுகிற இயந்திரம் மட்டும் வாங்கியதாக இருக்கட்டும். முதல் துப்பாக்கிக்கு லேத்தும் வேண்டாம், மில்லிங்கும் வேண்டாம். அந்தக் காசில் நல்ல வெர்னியர் ஒன்று, குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் ஒன்று, மரை போட டேப் செட் ஒன்று வாங்கினால் மிச்சமும் இருக்கும்.

நான் ஃபிட்டர் வேலை கற்றவன். பல வருடங்களாக மின்சார ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிறேன், சிலருக்கு அவர்கள் கேட்ட வடிவில் உடம்பும் செய்திருக்கிறேன். கேஸில் ஓடுபவை, அழுத்தக் காற்று சிலிண்டரில் ஓடுபவை இரண்டும் என் மேசைக்கு எப்போதாவதுதான் வரும். அதனால் இங்கே சொல்வதெல்லாம் மின்சார வகைக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மோட்டார் மூன்று பற்சக்கரங்களைச் சுற்றுகிறது. கடைசிச் சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கி, ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறது. பிஸ்டன் பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றைத் தள்ள, அது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டை வெளியே அனுப்புகிறது. 1991-இல் டோக்கியோ மாருய் நிறுவனம் ஃபமாஸ் என்ற பிரெஞ்சு ராணுவ ரைஃபிளின் வடிவத்தில் கொண்டுவந்த அமைப்பு இது. அந்த வழியில் வந்த கியர்பாக்ஸ் (பற்சக்கரங்களும் பிஸ்டனும் அடங்கிய பெட்டி) வகைகள்தான் இன்றைக்கும் இந்தப் பொழுதுபோக்கின் அடித்தளம். எம்4 வடிவத் துப்பாக்கிகளில் வெர்ஷன் 2, ஏகே வடிவத்தில் வெர்ஷன் 3 என்பது பொது வழக்கம். ஒரு நிறுவனத்தின் பிஸ்டன் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒன்றைச் சேர்த்துக் கட்ட முடிகிறது.

இந்த உள்ளுறுப்புகளை ஏன் செய்யக் கூடாது என்கிறேன்? நொடிக்கு 15 குண்டு போகிற துப்பாக்கியில், அந்தப் பிஸ்டன் நொடிக்கு 15 தடவை இழுபட்டு 15 தடவை முட்டுகிறது. கடினமாக்காத எஃகில் வெட்டிய பல் அதைத் தாங்காது. குண்டு ஓடுகிற உள்குழல் அதைவிட மோசம். குண்டின் விட்டம் சுமார் 5.95 மி.மீ., நல்ல உள்குழலின் துளை 6.03 மி.மீ. அளவில் இருக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எம்4 அளவுக்கு 363 மி.மீ. நீளத்தில் அப்படி ஒரு துளையை வீட்டு ட்ரில்லில் போட முடியாது. ட்ரில் பிட் உள்ளே போகப் போக ஒரு பக்கமாக விலகும், துளையின் சுவரும் சொரசொரப்பாக இருக்கும். தொழிற்சாலையில் இழுத்து மெருகேற்றிய பித்தளைக் குழலை வாங்கிவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சரி, அப்போது வீட்டில் செய்பவரின் வேலை என்ன? இவ்வளவு நல்ல உறுப்புகளை ஒரே நேர்கோட்டில் பிடித்து வைப்பது. சொந்த வடிவத் துப்பாக்கி சரியாகச் சுடாமல் என்னிடம் வரும்போது, பத்தில் எட்டு தடவை குற்றம் இங்கேதான் இருக்கும். வரைகிறவர்கள் வெளித்தோற்றத்தில் தொடங்கி, அப்புறம் உள்ளே கியர்பாக்ஸுக்கு இடம் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். குண்டு போகிற பாதையை ஒரு கோடாகப் போடுங்கள். அந்தக் கோட்டில் நாசில் (சிலிண்டர் காற்றைக் குண்டுக்குக் கொண்டுசேர்க்கும் முனை), ஹாப்-அப் அறை (ஒரு ரப்பர் குண்டைப் பிடித்துச் சுழற்சி கொடுக்கும் இடம்), உள்குழல் மூன்றையும் வையுங்கள். அதற்குக் கீழே குண்டு நிரப்பும் மேகசின் எந்த உயரத்தில் பூட்ட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இவ்வளவும் நகராத அளவுகள். இதைச் சுற்றித்தான் உடம்பு வளர வேண்டும். ஒவ்வோர் அளவையும் கையில் இருக்கிற உறுப்பிலிருந்து வெர்னியரால் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபடம் உங்கள் உறுப்புக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், நாசில் ஹாப்-அப் ரப்பரின் நடுவில் உட்காராது, காற்று பக்கவாட்டில் கசியும்.

இதைச் சோதிக்க ஃபிட்டர்கள் காலங்காலமாகச் செய்வதே போதும். முழு உடம்பையும் அச்சடிக்கும் முன் நடுப்பகுதியை மட்டும் ஒரு துண்டாக அச்சடித்து, கியர்பாக்ஸையும் ஹாப்-அப் அறையையும் அதில் பூட்டுங்கள். நாசில் முனையில் நீல மையை மெல்லியதாகத் தடவி, இடத்தில் அழுத்திவிட்டுப் பிரித்தெடுங்கள். ரப்பரின் வாயில் முழு வட்டமாக மை ஒட்டியிருந்தால் கோடு சரி. பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால், எந்தப் பக்கம் ஒட்டவில்லையோ அந்தப் பக்கம் இடைவெளி. வரைபடத்தில் 0.2 மி.மீ. நகர்த்தி இன்னொரு துண்டு அச்சடித்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிற்பாடு வரும் தலைவலியில் பாதி இங்கேயே போய்விடும். மைக் கறையைத் துடைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும், ரப்பரில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

கைப்பிடியையும் முதல் தடவை வாங்கிவிடுங்கள். வெர்ஷன் 2 அமைப்பில் மோட்டார் கைப்பிடிக்குள் இருக்கிறது. அது கொஞ்சம் சாய்ந்தாலும் மோட்டார் முனையில் இருக்கும் பினியன் என்ற சின்னச் சக்கரத்தின் பல், மேலே இருக்கும் பெவல் என்ற முதல் சக்கரத்தில் கோணலாகக் கடிக்கும். கீச்சென்று ஒரு சத்தம் வரும், பேட்டரி சீக்கிரம் தீரும், கடைசியில் பல் தேயும். கைப்பிடியின் அடியில் இருக்கிற சின்ன ஸ்க்ரூ மோட்டாரின் உயரத்தைச் சரிசெய்ய மட்டும்தான், சாய்வை அது திருத்தாது. போதாததற்கு மோட்டார் சூடாகும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில், 3டி பிரிண்டரில் சாதாரணமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் நிற்காது.

பொருளைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். பிஎல்ஏ அச்சடிக்கச் சுலபம், அளவு கச்சிதமாக வரும், ஆனால் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும், துப்பாக்கி வளைந்துபோய் இருக்கும். அதனால் பிஎல்ஏ அளவு பார்க்கும் மாதிரிக்கு மட்டும். நிஜ உடம்புக்குப் பெட்-ஜி அல்லது ஏபிஎஸ், பிரிண்டர் தாங்கினால் நைலான். பெட்-ஜி 80 டிகிரி வரை, ஏபிஎஸ் 100 டிகிரியைத் தாண்டியும் விறைப்பாக நிற்கும். ஏபிஎஸ் ஆறும்போது சுருங்கும் என்பதால் அதே வரைபடத்தை அப்படியே அனுப்பினால் துளைகளெல்லாம் இறுகும். இன்னொன்று, அச்சடித்த பொருள் அடுக்குகளுக்கு இடையில்தான் பிளக்கும். தோளில் ஊன்றும் பின்கட்டை உடம்போடு சேரும் கழுத்தில்தான் எல்லாப் பாரமும் விழுகிறது. ஓடிவந்து தரையில் படுக்கும்போது கட்டை முதலில் தரையில் ஊன்றும், கழுத்து 'பட்'டென்று முறியும். அந்தப் பகுதியைக் கிடையாக வைத்து அச்சடித்து, அடுக்குகள் துப்பாக்கியின் நீளவாட்டில் ஓடும்படி செய்யுங்கள். முடிந்தால் உள்ளே ஓர் அலுமினியக் குழாயைக் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ போகிற இடங்களில் பிளாஸ்டிக்கில் நேராக மரை போடாமல், சுடுகோலால் பதிக்கும் பித்தளை மரைக் குப்பிகளை வையுங்கள். இந்தத் துப்பாக்கியை நீங்கள் அடிக்கடி பிரிக்கப் போகிறீர்கள்.

மேலே தொலைநோக்கி மாட்டும் பிக்கட்டினி ரெயிலை (குறுக்கே பள்ளம் பள்ளமாக வெட்டிய சட்டம்) நீங்களே அச்சடிப்பதாக இருந்தால், பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. இந்த இரண்டாவது எண்ணை 10 என்று வட்டமாக்கினாலும் ஒரு கையளவு நீளத்துக்குப் பிரச்சினை வராது. பள்ளத்தின் அகலத்தில் கை வைத்தால் மாட்டுகிறவை ஆடும். குழல் முனையில் சைலன்சர் போன்ற அலங்கார உறுப்பு மாட்டுகிற மரை ஏர்சாஃப்டில் பெரும்பாலும் 14 மி.மீ. இடது மரை. வெளிமரை வெட்டும் சாதாரண டையில் அது வராது, தனியாக வாங்க வேண்டும்.

கியர்பாக்ஸை வாங்கியதும் அப்படியே போடாதீர்கள். ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கும் என்பதால், பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஸ்பிரிங் தாங்கியைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான். உள்ளே இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று காற்றுக் கசிவு: சிலிண்டர், சிலிண்டர் தலை, நாசில், பிஸ்டன் நான்கையும் கையில் சேர்த்து, நாசில் வாயை விரலால் அடைத்துப் பிஸ்டனை அழுத்துங்கள். மெத்தை மாதிரி எதிர்த்து நிற்க வேண்டும். மெதுவாக உள்ளே போனால் கசிவு. பிஸ்டன் தலையின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள், சிலிண்டர் தலைக்கு டெஃப்லான் டேப் சுற்றிப் பாருங்கள். இரண்டாவது ஷிம்: பற்சக்கரத்தின் அச்சில் போடும் மெல்லிய வளையங்கள், 0.1 மி.மீ.-இலிருந்து வரும். மூடியை மூடி ஸ்க்ரூவை இறுக்கிய பிறகும் ஒவ்வொரு சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் மோட்டாரைப் பூட்டி, பினியனுக்குப் பொருந்தும்படி பெவலை முதலில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி சரிசெய்வேன். நடுச் சக்கரத்திலிருந்து தொடங்குபவர்களின் கியர்பாக்ஸும் நன்றாகத்தான் ஓடுகிறது.

வெர்ஷன் 2 பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்பக்கம் சிலிண்டர் தெரிகிற ஜன்னலின் மூலையில் உலோகம் மெல்லியது, பிஸ்டன் முட்டுகிற அதிர்ச்சி அங்கேதான் போய்ச் சேர்கிறது. கூர்மையான மூலையில் விரிசல் தொடங்கும். ஊசி அரத்தால் அந்த மூலையை வளைவாக்கி, உப்புத்தாளால் மழமழப்பாக்கிவிட்டால் ஆயுள் கூடும். இது நிச்சயம். சிலிண்டர் தலையில் ரப்பர் திண்டு ஒட்டுவதும் நல்லது. அது முட்டலை மெத்தென்று வாங்குவதோடு, பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தி, பற்சக்கரத்தின் முதல் பல் பிஸ்டனின் முதல் பல்லைச் சரியான கோணத்தில் பிடிக்கவும் உதவுகிறது. திண்டின் கனத்தை உங்கள் உறுப்புகளை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பொதுவான எண் கிடையாது.

நிச்சயமில்லாதவையும் உண்டு. 6.01 மி.மீ. குறுகிய குழல் போட்டால் குறி கூடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். என் பட்டறையில் பார்த்த வரை, சுத்தமான 6.03 குழலும் நல்ல ரப்பரும் சேர்ந்தால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடிவதில்லை. அதை முறையாக வைத்து அளந்தேன் என்று சொல்ல மாட்டேன். குறுகிய குழல் அழுக்கையும் மட்டமான குண்டையும் பொறுக்காது என்பது மட்டும் உறுதி. நீளமான குழல் தூரம் கூட்டும் என்பதும் அப்படித்தான். சிலிண்டரில் உள்ள காற்று தீர்ந்த பிறகும் குழல் நீண்டால், குண்டு உரசிக்கொண்டுதான் போகும்.

தூரத்தைத் தீர்மானிப்பது ஹாப்-அப். மேலிருந்து அழுத்தும் சின்ன ரப்பர் மேடு குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கிறது, சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கம் தள்ளும் மாக்னஸ் விளைவால் குண்டு தூக்கிக்கொண்டு பறக்கிறது. பணம் செலவழிக்க ஓரிடம் வேண்டும் என்றால் இங்கே செலவழியுங்கள். ரப்பரின் மேடு நடுக்கோட்டிலிருந்து துளி விலகினாலும் குண்டு இடமோ வலமோ வளையும். கைவேலையில் இதைச் சரிபார்க்க, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். மேடு ஒரு கீற்றாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் தெரிய வேண்டும். குண்டையும் 0.20 கிராமிலேயே நிறுத்தாதீர்கள். 0.28 கிராம் புறப்படும்போது மெதுவாகப் போகும், ஆனால் காற்றில் வேகத்தைக் குறைவாக இழக்கும், அசையும் இலைக்கும் சருகுக்கும் அவ்வளவாக ஆடாது.

ஆற்றலைக் கணக்குப் போடுவது பள்ளிக்கூடப் பாடம்தான்: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் போனால் 1 ஜூல். அதே 1 ஜூலுக்கு 0.28 கிராம் குண்டு சுமார் 84.5 மீட்டர் வேகத்தில் போகும். எம்100 என்று எழுதிய ஸ்பிரிங் 0.20 கிராம் குண்டுக்கு ஏறக்குறைய 100 மீட்டர் வேகம் தரும் என்பது பொருள், அது உத்தரவாதம் அல்ல. குழலுக்குத் தேவையானதைவிடச் சிலிண்டரில் காற்று மிஞ்சும் அமைப்பில் கனமான குண்டு போட்டால் ஆற்றல் தானாக ஏறும். அதனால் எந்தக் குண்டை வைத்து விளையாடப் போகிறீர்களோ அதை வைத்தே அளவெடுங்கள்.

இந்த எண் சட்டத்துக்கும் வேண்டும். ஜப்பானில் 2006-க்குப் பிறகு உச்ச வரம்பு 1 ஜூலுக்குச் சற்றுக் கீழே. பிரிட்டனில் 2017-இன் சட்டப்படி தொடர்ந்து சுடுபவைக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுபவைக்கு 2.5 ஜூல். வீட்டில் செய்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அசல் போலவே தோன்றும் மாதிரித் துப்பாக்கியை விற்பதை மட்டுமல்ல, செய்வதையும் குற்றமாக்குகிறது. இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் அதற்கான சான்றைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதை அங்கே விளையாடும் மன்றத்திடமும் காவல் துறையிடமும் கேட்டு, வரையத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நிறம் என்ன என்பதும் வரைபடத்தின் பகுதிதான். உங்கள் சொந்த வடிவம் என்பதால், பளிச்சென்ற நிறத்தில் செய்தாலும் அழகாக இருக்கும். வெளியே கொண்டுபோகும்போது மூடிய பைக்குள், பேட்டரி கழற்றி, மேகசின் கழற்றி. அசல் துப்பாக்கியின் உறுப்பு எதையும் இதில் கலக்காதீர்கள். அதனால் இயந்திர ரீதியாக ஒரு லாபமும் இல்லை, சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வழி மட்டும்தான்.

பேட்டரிக்கு 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொரு செல்லும் நிரம்பினால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. எல்லாச் செல்களையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தவே வேண்டாம். உடம்பை வரையும்போது பேட்டரிக்கு ஒரு விரல் அகலம் கூடுதலாகவே இடம் விடுங்கள், வயரை மூலையில் நசுக்கிப் பூட்டுவதுதான் ஷார்ட் ஆவதற்கு முதல் காரணம். டிரிக்கர் தொடுமுனையில் தீப்பொறி வந்து கருகாமல் இருக்க மின்னோட்டத்தைத் தானே திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் ஒன்றைப் போடுங்கள், கூடவே ஃபியூஸும்.

முதல் தடவை சுடும்போது கண்ணாடி எது என்பதைப் பாருங்கள். கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 166-இன் முத்திரையில் எஃப் என்ற எழுத்து இருந்தால், 0.86 கிராம் எஃகு உருண்டையை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்துச் சோதித்தது, அதாவது 0.87 ஜூல். நீங்கள் கட்டுவது 1 ஜூல் துப்பாக்கி. பி என்ற எழுத்து 120 மீட்டர் வேகத்தில் சோதித்தது, 6 ஜூலுக்கு மேல். முகத்தோடு ஒட்டி மூடும், பி முத்திரை உள்ள கண்ணாடிதான் வேண்டும். பட்டறையில் கூட நிற்பவருக்கும் அதே. கம்பி வலைக் கண்ணாடியில் உடைந்த குண்டின் சில்லு உள்ளே வரலாம். இலக்குக்குப் பின்னால் சுவர் வேண்டாம், குண்டு வேகமாகத் திரும்பி வரும். தளர்வாகத் தொங்கவிட்ட கனத்த துணிக்குப் பின்னால் அட்டைப்பெட்டி வைத்தால் குண்டு அங்கேயே விழுந்துவிடும். மேகசினில் ஐந்தாறு குண்டு மட்டும் போட்டு, ஒவ்வொன்றாகச் சுட்டு, கிரோனோகிராஃப் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று ஓரிரு மீட்டருக்குள் இருந்தால் காற்றடைப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒன்று 95, அடுத்தது 82 என்று தாவினால் தொடர்ந்து சுட்டுப் பார்க்காதீர்கள். பிரித்து, நாசில் முனையில் மறுபடியும் நீல மையைத் தடவுங்கள்.